சேத்துல நடக்குற ஆளு பஞ்சு மேல நடக்குறாரு: ப்ளெண்டர்ல உதவி வேணும்

வெண்ணாத்தங்கரை | செவ்வாய் இரவு 10.40

வணக்கம். நமக்கு நீடாமங்கலம் பக்கம். ப்ளெண்டர்ங்குற 3டி மென்பொருள்ல 40 விநாடிக்கு ஒரு சின்ன படம் பண்ணிக்கிட்டிருக்கேன். பெரிய கதையெல்லாம் இல்ல. நடவு அன்னிக்குக் காலைல எங்க பெரியப்பா வரப்புலேர்ந்து வயல்ல இறங்கி, பத்துப் பன்னண்டு எட்டு நடந்து, அணைச்சு வெச்சிருக்குற நாத்து முடிகளை, அதான் நாத்துக் கட்டுகளை, ஒவ்வொண்ணா நடவாளுங்க முன்னாடி வீசுறாரு. அவ்வளவுதான். மேட்டூர் தொறந்த தண்ணி எங்க வாய்க்காலுக்கு வர்றதுக்குள்ள முடிச்சுடலாம்னு ஆரம்பிச்சேன். இப்ப நெசமாவே நடவு முடிஞ்சு பயிர் பச்சை கட்டிடுச்சு, படம் மட்டும் முடியல.

நடைக்கு நெட்டுல இலவசமா இறக்குன ஒரு வாக் சைக்கிளை, அதாவது திரும்பத் திரும்ப ஓடுற ஒரு நடையை, போட்டிருக்கேன். படிச்ச சென்டர்ல சொல்லிக்குடுத்ததும் அதே நடைதான். பிரச்சினை இதுங்க:

கால் வழுக்குது. ஊனி நிக்க வேண்டிய கால் ஐஸ் மேல வெச்ச மாதிரி முன்னாடி பின்னாடி நகருது. ஆரம்பத்துலயும் கடைசிலயும் ரொம்ப மோசம்.

அங்கங்க முழங்கால் ‘டக்’குனு ஒரே ஃப்ரேம்ல ஒடிஞ்சு நிமிருது.

நாத்து முடியை ரிஜிட் பாடி (பொருளைத் தானா விழவைக்குற சிமுலேஷன்) போட்டு விழ வெச்சேன். ஈரம் சொட்டுற முடி அது, ஆனா இலவம்பஞ்சு மாதிரி மெதந்து மெதந்து வருது. நிறையைக் கூட்டிப் பார்த்தேன், 2 கிலோவை 50 கிலோ ஆக்குனேன். ஒரு மாத்தமும் இல்ல.

நாலாவது, தோற்றம். நெசப் படம் மாதிரி வேணாம். கறுப்புக் கோடும் தட்டை வண்ணமுமா, சுவத்துல வரைஞ்ச மாதிரி வேணும். இப்ப சைக்கிள்ஸ்ங்குற ரெண்டர் முறைல ஒரு ஃப்ரேமுக்கு 3 நிமிஷம் ஆகுது. விநாடிக்கு 24 வெச்சு 960 ஃப்ரேம் இருக்கு, கணக்குப் போட்டா 48 மணி நேரம். நேத்து ராத்திரி எம்பி4-ஆ ரெண்டர் போட்டுட்டுப் படுத்தேன். விடியக்காலம் கரண்ட் போயிடுச்சு. லேப்டாப் பேட்டரி ஏற்கெனவே செத்தது. ஃபைல் தொறக்கவே மாட்டேங்குது.

ஓட்டிப் பார்க்குறதுக்கு ஒரு வீடியோ கீழ போட்டிருக்கேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கீஃப்ரேம் கிழவன் | 11.15

தம்பி, ஒண்ணே ஒண்ணு கேட்குறேன். பெரியப்பா பொம்மையைத் தேர்வு பண்ணி ‘என்’ எழுத்தை அமுக்கு. பக்கத்துல டைமென்ஷன்னு வரும். உயரம் எவ்வளவு காட்டுது?

வெண்ணாத்தங்கரை | 11.19

17.2 மீட்டர் அண்ணே.

ரெண்டர் ராசா | 11.21

பெரியப்பாவா, கோயில் கொடிமரமா 😄

கீஃப்ரேம் கிழவன் | 11.48

சிரிக்காதீங்க, சென்னையில பதினஞ்சு வருஷம் ஸ்டுடியோவுல குப்பை கொட்டுனவன் நான். அங்கயும் வாரம் ஒரு தடவை இந்தக் கேஸ் வரும்.

முடி ஏன் மெதக்குதுன்னா, உன் ஆளு பத்து மடங்கு பெருசு, ஆனா ப்ளெண்டர்ல புவியீர்ப்பு அதே 9.81-தான். ஒரு ஆள் நெஞ்சு உசரத்துலேர்ந்து, 1.25 மீட்டர்னு வை, ஒரு பொருள் விழ அரை விநாடி ஆகும். 24 ஃப்ரேம் கணக்குல 12 ஃப்ரேம். உன் படத்துல அதே நெஞ்சு 12.5 மீட்டர்ல இருக்கு. அங்கேர்ந்து விழ 38 ஃப்ரேம் ஆகும். மாடி மாடியா இறங்கி வர்ற பொருளைக் கை உசரத்துல காட்டுனா மெதக்குற மாதிரிதான் தெரியும். நிறையை எவ்வளவு கூட்டுனாலும் மாறாது. காத்துத் தடை இல்லேன்னா 2 கிலோவும் 50 கிலோவும் ஒரே நேரத்துலதான் தரை தொடும்.

ஸ்கேலைக் குறைச்சு கன்ட்ரோல் ஏ அடிச்சு அப்ளை பண்ணலாம்னு இப்பவே ஓடாதே. ரிக்ல, அதான் பொம்மைக்குள்ள இருக்குற எலும்புக் கூட்டுல, ஏற்கெனவே கீ (எந்த ஃப்ரேம்ல எந்த நிலைன்னு குறிக்கிறது) போட்டிருக்க. எலும்போட நகர்வு எண்கள் பழைய அளவுலயே நின்னுபோய், ஆளு பத்து மடங்கு தாவுவாரு. அடுத்த படத்துல முதல் நாளே சரியா வை. இந்தப் படத்துக்கு ஒரு குறுக்கு வழி: சீன் பகுதியில புவியீர்ப்பு இசட் மதிப்பை −98.1 ஆக்கு. 12 ஃப்ரேமுக்கு வந்துடும்.

என்னைக் கேட்டா சிமுலேஷனே வேணாம்பேன். நாலு முடிக்கு எதுக்கு? கையால கீ போடு. கையை விட்டுக் கீழ இறங்குற தூரத்தை நாலு பங்கு நேரமாப் பிரி, 3 ஃப்ரேம் 3 ஃப்ரேமா. முதல் பங்குல 8 சென்டிமீட்டர், அடுத்ததுல 23, அப்புறம் 39, கடைசியில 55. 1, 3, 5, 7-ங்குற விகிதம். பக்கவாட்டுல மட்டும் சமமா நகரட்டும். உன் பொம்மைக்கு எல்லாத்தையும் பத்தால பெருக்கிக்க.

அரசலாறு | புதன் காலை 6.50

கால் வழுக்குறதுக்கு நான் சொல்றேன். கேம் அனிமேஷன்ல தினமும் பார்க்குற சங்கதி இது.

உங்க சைக்கிள் நின்ன இடத்துல நடக்குற நடை. ஆளை முன்னாடி தள்ளுறது தனியா நீங்க போட்ட ரெண்டு கீ, 1-ல ஒண்ணு, 240-ல ஒண்ணு. ப்ளெண்டர் தானா ரெண்டுக்கும் நடுவுல பெசியர் வளைவு போடும். மெதுவாப் புறப்பட்டு, நடுவுல வேகமாகி, மெதுவா நிக்கும். கால் மட்டும் ஒரே வேகத்துல பின்னாடி போய்க்கிட்டிருக்கும். ரெண்டு வேகமும் ஒத்துப்போகலன்னா வழுக்கத்தான் செய்யும். ஆரம்பத்துலயும் கடைசிலயும் மோசம்னு நீங்களே சொல்லிட்டீங்க பாருங்க, அந்த வளைவுதான் அது.

கிராஃப் எடிட்டர்ல ரெண்டு கீயையும் பிடிச்சு ‘டி’ அமுக்கி லீனியர் ஆக்குங்க. அப்புறம் தூரம். ஊனுன கால் 1-வது ஃப்ரேம்ல உடம்புக்கு 30 சென்டிமீட்டர் முன்னாடி, 13-வது ஃப்ரேம்ல 30 பின்னாடின்னு வெச்சுக்குங்க. 12 ஃப்ரேம்ல 60. அப்ப 24 ஃப்ரேமுக்கு ஆளு 1.2 மீட்டர் போயிருக்கணும். கூடினாலும் குறைஞ்சாலும் வழுக்கும். கண்ணால பார்த்துத் தள்ளாதீங்க, அளந்து போடுங்க.

முழங்கால் ஒடியுறது ஐ.கே. (பாதத்தை வெச்சா முட்டி தானா மடங்குற ஏற்பாடு) சமாச்சாரம். தொடையும் கெண்டைக்காலும் சேர்ந்த நீளத்தைவிடப் பாதம் தள்ளிப் போனா கால் விறைச்சு நிமிர்ந்துடும். அடுத்த ஃப்ரேம்ல கொஞ்சம் கிட்ட வந்தாலும் சட்டுனு மடங்கும். உங்க வீடியோவுல இடுப்பு மேல வர்ற இடத்துலதான் ஒடியுது. இடுப்பைக் கொஞ்சம் இறக்கி வைங்க, எப்பவும் ஒரு துளி மடிப்பு இருக்கட்டும். முட்டி எந்தப் பக்கம் மடங்கணும்னு காட்டுற போல் டார்கெட் முட்டிக்கு ரொம்பக் கிட்ட இருக்கு, அதையும் நல்லா முன்னாடி தள்ளுங்க.

ரெண்டர் ராசா | 9.05

இவ்வளவு ஏன் கஷ்டப்படணும்? போன்ல பெரியப்பாவை வீடியோ எடுங்க, ஏஐ மோஷன் கேப்சர்ல விடுங்க, எலும்பு அசைவு தானா வந்துடும். 2014-ல வந்த ‘கோச்சடையான்’ எடுத்தப்ப அதுக்குன்னு தனி உடுப்பு, தனி கேமரான்னு வெச்சுப் பண்ணாங்க. இப்ப போன் போதும்.

வெண்ணாத்தங்கரை | 9.30

பண்ணிப் பார்த்தேன் அண்ணே. வரப்புல நடக்குறப்ப ஓரளவு வந்துச்சு. வயல்ல இறங்குனதும் முட்டிக்குக் கீழ எல்லாம் சேத்துக்குள்ள. கேமராவுக்குப் பாதமே தெரியல. அது பாட்டுக்குக் குத்துமதிப்பா ஒரு காலைப் போடுது, வலிப்பு வந்த மாதிரி ஆடுது.

அரசலாறு அக்கா, லீனியர் ஆக்கி அளந்தும் போட்டேன். வழுக்கல் சுத்தமா நின்னுடுச்சு, முட்டியும் ஒடியல. ரொம்ப நன்றி. ஆனாலும் என்னமோ சரியில்ல. பெரியம்மாகிட்ட காட்டுனேன், “யாரு இது, கல்யாணத்துக்குப் போறாரா”ன்னுட்டாங்க.

குறுவைக்காரன் | 1.20

எனக்குக் கம்ப்யூட்டர் படமெல்லாம் தெரியாது, பையன் காட்டுனான். வலங்கைமான் பக்கம் நாலு ஏக்கர் பண்ணுறேன். உங்க பெரியப்பா குதிகாலை முதல்ல வைக்கிறாருங்களே. சேத்துல குதிகாலை முன்னாடி வெச்சா மல்லாக்க விழ வேண்டியதுதான்.

வயல்ல கால் இறங்குறப்ப விரலுதான் முதல்ல போவும். பாதம் கொஞ்சம் கீழ நோக்கி, குத்துற மாதிரி. இறங்குனதும் அடியில கெட்டித் தரை தட்டுப்படும். தட்டுப்பட்ட பொறவுதான் உடம்பு பாரத்தை அதுமேல போடுவோம், அதுக்கு முன்னாடி போடமாட்டோம். அதுவரைக்கும் பின்னங்கால் சேத்துலயேதான் கெடக்கும்.

எடுக்குறப்ப குதிகால் முதல்ல கெளம்பும். விரல் வராது. சேறு இழுத்துப் பிடிச்சுக்கும். முட்டியை மேல தூக்கித் தூக்கி, உடம்பைக் கொஞ்சம் சாய்ச்சு இழுத்தா ‘பொளக்’குனு ஒரு சத்தத்தோட காலு வெளிய வரும், விரலு கீழ பார்த்தாப்புல தொங்கும், சேறு வழியும். அந்த நேரத்துல ஆளு லேசா ஆடுவான். அதுக்குத்தான் கை அகலமா இருக்கும். உங்க ஆளு கையை வீசி வீசி நடக்குறாரு. ஒரு கையில நாத்து முடி அணைச்சிருக்குறப்ப அந்தக் கை எப்புடிங்க வீசும்?

எட்டும் ரொம்ப நீளம். சேத்துல அதுல பாதிதான் வைக்க முடியும். பரம்படிச்ச வயல்னா ஏற்கெனவே மிதிச்ச குழியிலயே திரும்ப மிதிப்போம், அது இன்னும் சுளுவு.

கீஃப்ரேம் கிழவன் | 2.10

ஐயா, நாங்கல்லாம் சொன்னதை ஒரே அடியில அடிச்சுட்டீங்க. கும்பகோணத்துல உட்கார்ந்துக்கிட்டு எனக்கு இது தோணல பாருங்க. அந்த இலவச நடை சமதளத் தரையில நடந்த ஆளோடது. நாம அதைச் சேத்துல நல்லாப் பொருத்திக்கிட்டிருந்தோம்.

தம்பி, சைக்கிளைத் தூக்கிப் போடு. பன்னண்டு எட்டுக்கு சைக்கிள் எதுக்கு? சேத்துல ரெண்டு எட்டு ஒரே மாதிரி இருக்காது. ரூட்டை (முழு ஆளையும் நகர்த்துற கன்ட்ரோலை) நகர்த்தாதே. பாதத்தோட ஐ.கே. கன்ட்ரோலை நேரா வயல்ல ஊனு, கீ போடு, அது நகரவே கூடாது. இடுப்பை மட்டும் கையால இழுத்துக்கிட்டுப் போ. வழுக்குறதுக்கு வழியே இல்ல.

ஐயா சொன்னதை ஃப்ரேமா மாத்துனா இப்படி வரும். ஒரு எட்டுக்கு 12 ஃப்ரேம் போதாது, 22-லேர்ந்து 26 குடு. விரல் இறங்க 5. இடுப்பு அந்தக் காலுக்கு மேல வந்து உட்கார 7. அப்புறம் பின்னங்காலோட குதிகால் தூக்குது, விரல் மாட்டிக்கிட்டிருக்கு, முட்டி இழுக்குது, உடம்பு சாயுது. இந்த இழுபறிக்கு 6 ஃப்ரேம் முழுசாக் குடு, பாதம் ஒரு அங்குலம்கூட மேல வரக்கூடாது. அப்புறம் 2 ஃப்ரேம்ல ‘பொளக்’. வெளிய வந்த கால் தேவைக்கு மேல உசரப் போய்த் திரும்ப இறங்கட்டும். எடைன்னு நாம சொல்றது பூரா அந்த 6-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசத்துலதான் இருக்கு. எல்லாத்தையும் சமமாப் பரப்புனா மறுபடி பஞ்சுதான்.

மெழுகுக்காரர் மகன் | 4.45

சுவாமிமலை. சிலை வார்க்குற வீடு, நான் இப்ப 3டி மாடலிங்ல. கிழவன் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. பாரம் தாங்குற கால் பக்கம் இடுப்பு மேல ஏறும், மறுபக்கம் இறங்கும். தோள் அதுக்கு நேர் எதிரா சாயும். திரிபங்கத்துல, அதாவது உடம்பு மூணு இடத்துல வளைஞ்சு, நிக்குற சிலையைப் பார்த்தீங்கன்னா புரியும். அப்பா மெழுகுல உருவம் பிடிக்கிறப்ப முகத்துக்கு முன்னாடி இந்த இடுப்புக் கோட்டைத்தான் சரி பார்ப்பாரு. உங்க பெரியப்பாவுக்கு இடுப்பு ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா இருக்கு. ஒவ்வொரு எட்டுக்கும் மாறி மாறி ஏறி இறங்கட்டும்.

அரசலாறு | இரவு 8.15

தோற்றத்தைப் பத்தி யாரும் சொல்லலயே. கறுப்புக் கோடு, தட்டை வண்ணம்னா சைக்கிள்ஸை விட்டுட்டு ஈவீக்கு (ப்ளெண்டர்லயே இருக்குற வேகமான ரெண்டர் முறை) மாறுங்க. டிஃப்யூஸ் ஷேடரை ‘ஷேடர் டு ஆர்ஜிபி’ நோடுல விட்டு, அதைக் கலர் ராம்ப்புல விட்டு, ராம்ப்பை கான்ஸ்டன்ட் ஆக்குங்க. வெளிச்சம் ஒரு நிறம், நிழல் ஒரு நிறம், நடுவுல குழைவு இல்லாம வெட்டிக்கிட்டு நிக்கும். இந்த நோடு சைக்கிள்ஸ்ல வேலை செய்யாது, அதனால தேடித் தேடிக் குழம்பாதீங்க. மேல் உடம்புக்கு மூணு நிறம், வேட்டிக்கு ரெண்டு போதும்.

கோட்டுக்கு: உருவத்துக்கு சாலிடிஃபை மாடிஃபையர் போட்டு, ஆஃப்செட் 1, ஃப்ளிப் நார்மல்ஸ் டிக் பண்ணுங்க. ரெண்டாவது மெட்டீரியலா கறுப்பு எமிஷன் வெச்சு, அதுல பேக்ஃபேஸ் கல்லிங் போடுங்க. சாலிடிஃபைல மெட்டீரியல் ஆஃப்செட் 1. உருவத்தைச் சுத்திக் கறுப்பு ஓடு மாதிரி ஒண்ணு வரும், விளிம்பு மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

நிறம் வெளுத்துப்போய் வந்தா நோடுல தப்புத் தேடாதீங்க. கலர் மேனேஜ்மென்ட்ல வியூ டிரான்ஸ்ஃபார்மை ஸ்டாண்டர்டுக்கு மாத்துங்க. புது ப்ளெண்டர்ல தானா இருக்குற ஏஜிஎக்ஸ் நெச வெளிச்சத்துக்கானது, தட்டை வண்ணத்தை மங்கவைக்கும். நான் இதுல ஒரு ஞாயித்துக்கிழமையைத் தொலைச்சேன்.

ரெண்டர் ராசா | 8.40

ஈவீன்னா மட்டம்னு நினைக்காதீங்க. 2025-ல சிறந்த அனிமேஷன் படத்துக்கு ஆஸ்கர் வாங்குன லாட்வியாப் படம் ‘ஃப்ளோ’ ப்ளெண்டர்ல பண்ணது, ரெண்டர் ஈவீயில. உங்க சீனுக்கு ஃப்ரேமுக்கு 6 விநாடி ஆனாக்கூட 960 ஃப்ரேமும் 96 நிமிஷத்துல முடியும்.

இன்னொண்ணு, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்குறேன், நேரடியா எம்பி4-ஆ ரெண்டர் போடாதீங்க. பி.என்.ஜி. படங்களா எடுங்க. கரண்ட் 611-வது ஃப்ரேம்ல போச்சுன்னா 610 பத்திரமா இருக்கும், 611-லேர்ந்து தொடங்கலாம். அவுட்புட்ல ஓவர்ரைட் டிக்கை எடுத்துட்டீங்கன்னா முடிஞ்சதைத் தானா தாண்டிப் போகும். கடைசியில ப்ளெண்டரோட வீடியோ எடிட்டர்லயே கோத்துக்கலாம்.

வெண்ணாத்தங்கரை | ஞாயிறு மாலை 5.30

நாலு நாள் காணாமப் போனதுக்கு மன்னிக்கணும். சைக்கிளைத் தூக்கிட்டு எட்டு எட்டாக் கீ போட்டேன். நடுவுல நானே வயல்ல இறங்கி நடந்து, தம்பியை வரப்புல உட்காரவெச்சு போன்ல எடுத்துப் பார்த்தேன். ஐயா சொன்னது அப்படியே இருக்கு, குதிகால் வந்துடுது, விரல் வர மாட்டேங்குது. பெரியம்மா பார்த்துட்டு இப்ப “செருப்பை எங்க விட்டாரு”ன்னு கேட்டாங்க. பாராட்டுன்னுதான் எடுத்துக்கிட்டேன்.

புதுசா ஒரு சிக்கல். கையால வரைஞ்ச மாதிரி தெரியணும்னு, ரெண்டு ஃப்ரேமுக்கு ஒரு நிலை வர்ற மாதிரி எல்லா எலும்புக்கும் ஸ்டெப்டு மாடிஃபையர், அளவு 2 போட்டேன். தனியா நல்லா இருக்கு. ஆனா கேமரா அவர் கூடவே போற ஷாட்டுல ஆளு நடுங்குறாரு. குளிர் ஜுரம் மாதிரி.

கீஃப்ரேம் கிழவன் | 6.05

கேமரா ஒவ்வொரு ஃப்ரேமும் நகருது, ஆளு ஒண்ணுவிட்டு ஒண்ணு நகர்றாரு. ஒரு ஃப்ரேம்ல கேமரா அவரை முந்துது, அடுத்ததுல அவர் எட்டிப் பிடிக்கிறாரு. திரையில அது நடுக்கம். கேமராவையும் ரெண்டுல போட்டா ஆளு நிப்பாரு, வயல் வெட்டி வெட்டி ஓடும்.

கேமராவை நிறுத்திடு. வரப்புல நிக்குறவன் பார்க்குற மாதிரி வை, அவர் ஃப்ரேமுக்குள்ள நடந்து வரட்டும். உன் கதைக்கு அதுதான் பொருத்தமும்கூட. நின்ன கேமரான்னா ரெண்டு ஃப்ரேமுக்கு ஒண்ணுதான் மாறும், அவுட்புட்ல ஸ்டெப்பை 2 ஆக்கி 480 படம் மட்டும் எடு, எடிட்டர்ல ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை காட்டு.

ஒரு விதிவிலக்கு. ‘பொளக்’ இருக்கே, அந்த 2 ஃப்ரேமை ரெண்டுல போட்டா ஒரே படமா சுருங்கிடும், வேகம் தெரியாது. முடி பறக்குறதும் அப்படித்தான். அந்த இடங்கள்ல மாடிஃபையரோட ஃப்ரேம் எல்லையைக் கட்டுப்படுத்தி ஒவ்வொரு ஃப்ரேமும் மாற விடு, ரெண்டரையும் அந்தத் துண்டுக்கு மட்டும் ஸ்டெப் 1-ல எடு.

வெண்ணாத்தங்கரை | திங்கள் இரவு 9.10

கேமராவை வரப்புல நட்டுட்டேன். நடுக்கம் போச்சு. ரெண்டர் ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுது, நடுவுல ரெண்டு தடவை கரண்ட் போயும்.

இன்னிக்கு சாயங்காலம் பெரியப்பாகிட்டயே காட்டுனேன். முழுசாப் பார்த்தாரு. திரும்ப ஒரு தடவை போடச் சொன்னாரு. அப்புறம், “நடை சரிடா. முடிதான் தல கீழா விழுது. வேர்ல சேறு ஒட்டியிருக்கும்ல, வேர்ப்பக்கம்தான் முதல்ல தொடும். இப்படி விழுந்தா நடவுக்காரி குனிஞ்சு நிமிர்த்தி எடுக்கணும், திட்டுவா”ன்னாரு.

கீஃப்ரேம் கிழவன் | 9.25

சரியாத்தான் சொல்றாரு. முடியோட ஆரிஜின் (பொருள் சுத்துற மையப் புள்ளி) இப்ப நட்டநடுவுல இருக்கும். அதை வேர்ப்பக்கமா, நீளத்துல கால்வாசி இடத்துக்கு நகர்த்து. கனம் அங்கதான், சுத்துனா அதை மையமா வெச்சுத்தான் சுத்தும், இலை பின்னாடி இழுபட்டு வரும். முழுச் சுத்து வேணாம், அரைச் சுத்து போதும்.

வெண்ணாத்தங்கரை | 9.31

ஃபைலைத் திரும்பத் தொறந்துட்டேன் அண்ணே. நாலு முடி. இழையை இன்னும் மூடாதீங்க.